66 மஸ்டாங்குக்கு எக்ஸ்ப்ளோரர் பின் ஆக்ஸில்: வெட்டணுமா, வெட்டாம போடலாமா?

ஆறுசிலிண்டர்காரன் எழுதியது:

வணக்கம் மக்களே, ரெண்டு வருஷமா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் வாய தொறக்குறேன். என்கிட்ட ஒரு 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே இருக்கு, பொறக்கும்போது 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் வண்டி. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் அத தூக்கிட்டு 302 வி8 எஞ்சின், டி5 கியர்பாக்ஸ், முன் பக்கம் வி8 ஸ்பிண்டில், டிஸ்க் பிரேக், அஞ்சு போல்ட் ஹப் எல்லாம் போட்டுட்டார். ஆனா பின்னாடி வரும்போது காசு தீந்துச்சோ பொறுமை தீந்துச்சோ, அந்த பழைய 7.25 இன்ச் (உள்ள இருக்கிற கிரவுன் வீலோட விட்டம்) ஆக்ஸில அப்படியே விட்டுட்டார். இப்ப வண்டிக்கு முன்னாடி அஞ்சு நட்டு, பின்னாடி நாலு நட்டு. ஸ்டெப்னிக்கு எந்த வீல எடுத்துட்டு போறதுன்னு ஒவ்வொரு தடவையும் சீட்டு குலுக்கி போட வேண்டியதா இருக்கு.

இப்ப அந்த டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. கிளட்ச்ச கொஞ்சம் வேகமா விட்டா ஒரு டயர் மட்டும் சுத்துது, கூடவே உள்ள இருந்து டக்குனு ஒரு சத்தம். எப்ப போகும்னு பயந்துட்டே ஓட்டுறேன். பழைய வண்டி உடைக்கிற யார்டுல ஒரு 98 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவி பாத்தேன், 8.8 இன்ச் ஆக்ஸில், டிஸ்க் பிரேக்கோட, கவர் போல்ட்டுல தொங்குற தகட்டுல 3எல்73னு இருக்கு. என் பிளான் என்னன்னா அத கழட்டிட்டு வந்து, லீஃப் ஸ்பிரிங் உக்கார்ற பெர்ச்ச மட்டும் வெட்டி நம்ம வண்டி அளவுக்கு வெல்டு வச்சு, யூ போல்ட் போட்டு இறுக்கி, சனி ஞாயிறுல முடிச்சிரலாம்னு. ஆனா ஒரு பக்க டியூப வெட்டி சின்னதாக்கணும்னு சிலர் சொல்றாங்க, சிலர் அப்படியே போடலாம்ங்கிறாங்க. எது சரி? வேற எதாவது நான் யோசிக்காம விட்டிருக்கேனா? எனக்கு வெல்டிங் சுமாரா வரும், ஸ்டீல் ஓகே, வார்ப்பு இரும்பு தொட்டதில்ல.

---

சும்மாவந்தவன் எழுதியது:

சனி ஞாயிறுன்னு சொன்னீங்களே, எந்த வருஷத்து சனி ஞாயிறு ப்ரோ 😄

---

கிரீஸ்கை எழுதியது:

தம்பி, மொதல்ல நல்ல செய்தி. நீ பாத்து வச்சிருக்கிறது நல்ல பீஸ். தகட்டுல நடுவுல எல் எழுத்து இருந்தா லிமிட்டட் ஸ்லிப் (ஒரு வீல் வழுக்குனாலும் அடுத்த வீலுக்கும் பவர் போகும்), 3.73 ரேஷியோ, அதாவது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்துனா வீல் ஒரு சுத்து. எல் இல்லாம வெறும் 3 73ன்னு இருந்தா ஓப்பன், வழுக்குற வீல் மட்டும் சுத்துற சாதா டிஃபரன்ஷியல். ஆனா தகட்ட மட்டும் நம்பாத, யாராவது கவர் கழட்டி வேற வண்டி தகட்ட மாட்டியிருக்கலாம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ட கழட்டிட்டு ரெண்டு வீலும் அந்தரத்துல இருக்கும்போது ஒரு வீல கையால சுத்து, அடுத்த வீல் அதே பக்கம் சுத்துனா லிமிட்டட் ஸ்லிப், எதிர் பக்கம் சுத்துனா ஓப்பன், இல்லன்னா உள்ள இருக்கிற கிளட்ச் பிளேட் எல்லாம் தேஞ்சு போன லிமிட்டட் ஸ்லிப்.

வருஷமும் சரியான வருஷம். 91லருந்து 94 வரைக்கும் எக்ஸ்ப்ளோரர் பின்னாடி டிரம், 95லருந்து 2001 வரைக்கும் டிஸ்க், 2002ல இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வந்துருச்சு, அதுக்கப்பறம் நமக்கு பிரயோஜனமில்ல. இந்த டிரக் ஆக்ஸில் ஏன் எல்லாரும் தேடுறாங்கன்னா உள்ள ஷாஃப்ட் 31 ஸ்ப்ளைன் (முனையில இருக்கிற பல் வரி), அதிகமா இருந்தா ஷாஃப்ட் தடிமன். அதே 8.8 ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்குல வரும்போது 28 ஸ்ப்ளைன்தான். டியூபும் இதுல 3.25 இன்ச் தடிமன். வீல் போல்ட் 5 க்கு 4.5 இன்ச் வட்டம், உன் முன் பக்கம் என்ன இருக்கோ அதேதான், ஸ்டெப்னி பிரச்சன அன்னைக்கே தீந்துச்சு.

இப்ப கெட்ட செய்தி. ஆக்ஸில மாட்டுறது இதுல சின்ன வேல தம்பி. அதச் சுத்தி இருக்கிறதுதான் உன் நேரத்த திங்கும். அகலம், பினியன் ஆங்கிள் (ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற டிஃபரன்ஷியல் பல்சக்கரம் பாக்குற கோணம்), பிரேக், ஹேண்ட் பிரேக் கேபிள், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ரிம். நீ பெர்ச் மட்டும்தான் சொல்லியிருக்க, அது இந்த லிஸ்ட்லயே இல்ல பாரு.

யார்டுல இருக்கும்போதே கூட எடுத்துக்க வேண்டியத சொல்றேன், அப்பறம் திரும்பி போனா வண்டிய நசுக்கியிருப்பான். ரெண்டு பக்க ஹேண்ட் பிரேக் கேபிள், காலிப்பர் ஹோஸ், அந்த வண்டியோட ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டுல பின் பக்கம் இருக்கிற வட்டமான ஃபிளாஞ்ச், அத புடிச்சிருக்கிற நாலு போல்ட். அந்த போல்ட் 12 மிமீ சைஸ் தல, பன்னெண்டு பட்ட, சாதா சாக்கெட் போட்டா வழுக்கி தல உருண்டு போயிரும், பன்னெண்டு பட்ட சாக்கெட் எடுத்துட்டு போ. வெட்டுறதா முடிவு பண்ணா இன்னொரு எக்ஸ்ப்ளோரர்லருந்து பாசஞ்சர் பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்னு தனியா வேணும், ஏன்னு கீழ யாராவது சொல்வாங்க, எனக்கு டீ வந்துருச்சு.

---

வெல்டிங்பொறி எழுதியது:

அண்ணன் டீ குடிக்கட்டும், நான் சொல்றேன்.

எக்ஸ்ப்ளோரர்ல டிஃப் நடுவுல இருக்காது, பாசஞ்சர் பக்கமா தள்ளி இருக்கும். அதாவது டிரைவர் பக்க டியூப் நீளம், பாசஞ்சர் பக்கம் குட்ட, வித்தியாசம் மூணு இன்ச் கிட்ட. மொத்த ஆக்ஸில் அகலம் சுமார் 59.5 இன்ச். உங்க 65-66 மஸ்டாங் ஆக்ஸில் 57 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. இதுல அழகான விஷயம் என்னன்னா டிரைவர் பக்க டியூப்ல அந்த மூணு இன்ச்ச வெட்டி எடுத்துட்டா ரெண்டு பக்கமும் சமமாயிரும், பினியன் நடுவுக்கு வந்துரும், நீள ஷாஃப்ட்டுக்கு பதிலா இன்னொரு குட்ட ஷாஃப்ட் அப்படியே உள்ள போயிரும். ஷாஃப்ட்ட வெட்டி புதுசா ஸ்ப்ளைன் போடுற வேலையே இல்ல. அதுக்குதான் கிரீஸ்கை அண்ணன் இன்னொரு பாசஞ்சர் பக்க ஷாஃப்ட் எடுக்க சொன்னது. வெட்டுனதுக்கப்பறம் அகலம் 56.5 கிட்ட வரும், உங்க பழைய ஆக்ஸில விட ஒவ்வொரு பக்கமும் 10 மிமீ போல உள்ள. இத சமாளிச்சிக்கலாம்.

ஆனா சுமாரா வெல்டிங் வரும்னு நீங்களே சொல்றீங்க, அதனால ஓப்பனா சொல்லிடுறேன், பெர்ச் வெல்டு வேற, டியூப் வெட்டி ஒட்டுறது வேற. டியூப் ஒரு மில்லி கோணலா போனாலும் பேரிங்கும் சீலும் உயிர விட்ரும். டிஃப் உள்ள பேரிங் உக்கார்ற எடத்துலயும் டியூப் முனையில வீல் பேரிங் எடத்துலயும் உருள போட்டு, நடுவுல நேரான ஒரு தடிமனான பார விட்டு, அது ஃப்ரீயா சுத்துதான்னு பாத்துக்கிட்டேதான் டேக் (சின்ன புள்ளி வெல்டு) வைக்கணும், எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா வைக்கணும், சூடு ஆறவிட்டு திருப்பி பாக்கணும். அந்த பார் இருக்கிற ஒரு லேத் பட்டறையில குடுத்தா அரை நாள் வேல. டியூப் முனைய வெட்டி கழட்டி, டியூப குறைச்சு, திருப்பி ஒட்டுறது, நடு வார்ப்பு ஹவுசிங்க தொடவே வேண்டாம்.

நடு ஹவுசிங் வார்ப்பு இரும்பு, டியூப் ஸ்டீல், 8.8ல டியூப உள்ள அழுத்தி சொருகி பக்கத்துல ஓட்ட வழியா ஒரு பிளக் வெல்டு வச்சிருப்பாங்க. பெரிய பவர்ல ஸ்லிக் டயரோட தூக்கி அடிச்சா டியூப் உள்ளயே சுத்திரும், அதனால டிராக் ஆளுங்க சூடு பண்ணி நிக்கல் ராட் வச்சு சுத்தி வெல்டு அடிச்சு மெதுவா ஆற விடுவாங்க. ரோட்டுல ஓட்டுற சாதா 302க்கு அது தேவையில்ல, தெரியாம அடிச்சா விரிசல் விட்டு இருக்கிற வலுவும் போகும்.

பெர்ச்ச பொறுத்தவரைக்கும் ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டு பெர்ச்சும் ஒரே பக்கம் கீழ இருக்கும், நீளமா ஒரே இழுப்புல வெல்டு இழுத்தா டியூப் அந்த பக்கமா வாழப்பழம் மாதிரி வளையும், அப்பறம் பின் டயர் ஒரு ஓரம் மட்டும் ஏன் தேயுதுன்னு வருஷம் பூரா தேடிட்டு இருப்பீங்க. ஒரு இன்ச் வைங்க, அடுத்த பக்கம் போங்க, கை வச்சா சுடாத அளவுக்கு ஆறட்டும், திருப்பி வாங்க. வெல்டிங் மெஷினோட எர்த் கிளாம்ப்ப வெல்டு வைக்கிற டியூப்லயே பக்கத்துலயே போடுங்க. வேற எங்கயாவது போட்டா கரெண்ட் பேரிங் வழியா ஓடி உருளையில எல்லாம் குழி விழும்.

---

பழையஇரும்பு எழுதியது:

நான் வெட்டாம போட்டவன், அதனால எதிர்க்கட்சி சார்பா ரெண்டு வார்த்த.

என்னோடது 68. 67லருந்து 70 வரைக்கும் மஸ்டாங் ஆக்ஸில் 59.25 இன்ச், எக்ஸ்ப்ளோரர் 59.5, அந்த வண்டிக்கு இது தாய்மாமன் சீர் மாதிரி, அளவெடுத்து தச்சது. பினியன் நடுவுல இல்லயேன்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கோணலா போகும், வைப்ரேஷன் வரும்னு. கணக்கு போட்டு பாருங்க, பினியன் நடுவுலருந்து ஒன்றரை இன்ச் தள்ளியிருக்கு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 50 இன்ச் நீளம்னு வச்சுக்கிட்டா பக்கவாட்டுல 1.7 டிகிரிதான் சாயுது. கியர்பாக்ஸும் பினியனும் மேலருந்து பாத்தா ஒன்னுக்கொன்னு இணையா இருக்கிறதால ஷாஃப்ட்டோட முன் கிராஸ் ஜாயிண்ட்ல வர்ற வேக ஏத்த இறக்கத்த பின் கிராஸ் அடிச்சு சமன் பண்ணிரும். மூணு வருஷமா ஓட்டுறேன், ஒரு அதிர்வு கெடையாது. டனல்ல எக்ஸாஸ்ட் பைப் இடிக்குதான்னு மட்டும் பாக்கணும்.

ஆனா உங்களோடது 66. அங்க பிரச்சன ஷாஃப்ட் இல்ல, ஃபெண்டர். வெட்டாம போட்டா ஒவ்வொரு பக்கமும் டயர் ஒரு இன்ச்சுக்கு மேல வெளிய வரும், 65-66 பின் ஃபெண்டர் உதடு ரொம்ப கிட்ட இருக்கும், பள்ளத்துல விழுந்தா டயர சீவி எடுத்துரும். வெட்டாமயே ஓட்டுறவங்க இருக்காங்க, அவங்க 94லருந்து 2004 வரைக்கும் வந்த மஸ்டாங்கோட 17 இன்ச் ரிம்ம போடுவாங்க, 8 இன்ச் அகலம், 30 மிமீ ஆஃப்செட் (ஹப்ப தொடுற முகம் ரிம் நடுவுலருந்து வெளிய தள்ளியிருக்கிற அளவு), அது வீல உள்ள இழுத்துரும். ஆனா 66ல 17 இன்ச் ரிம் பாக்க எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, எனக்கு தாத்தாவுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்னு, இப்ப 14 இன்ச் ரிம் ஓட்டுறீங்கன்னா அத மறந்துருங்க. எக்ஸ்ப்ளோரர் பின் டிஸ்க் 11 இன்ச்சுக்கு மேல, 14 இன்ச் ரிம் காலிப்பர்ல இடிக்கும். 15 போகும், ஆனா எல்லா 15உம் போகாது, போட்டு சுத்தி பாக்கணும்.

---

ஆறுசிலிண்டர்காரன் எழுதியது:

இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. என்கிட்ட இருக்கிறது 15க்கு 7 ரிம், பேக்ஸ்பேசிங் (ரிம் உள் விளிம்புலருந்து ஹப்ப தொடுற முகம் வரைக்கும்) 4.25 இன்ச், பழைய ஸ்டைல் ஸ்டீல் மாதிரியான அலாய், அத மாத்த மனசில்ல. அப்போ வெட்டுறதுதான் வழி போல. வெட்டுனா வீல் 10 மிமீ உள்ள போகும்னா உள் பக்கம் லீஃப் ஸ்பிரிங்ல இடிக்காதா?

அப்பறம் ஒரு குறுக்கு கேள்வி, வீட்ல கேட்டாங்க, நான் இங்க கேக்குறேன். 302 வந்த மஸ்டாங்குல கம்பெனியே 8 இன்ச் ஆக்ஸில்தான போட்டான், அதயே தேடி மாட்டுனா இந்த வெட்டு குத்து எதுவும் வேண்டாமே?

---

கிரீஸ்கை எழுதியது:

வீட்ல கேட்டது சரியான கேள்வி, மதிச்சு பதில் சொல்றேன். 8 இன்ச் மோசமான ஆக்ஸில் இல்ல. கேரியர முன் பக்கமா மொத்தமா கழட்டி பெஞ்சுல வச்சு கிரவுன் பினியன் செட் பண்ணலாம், 8.8ல எல்லாம் பின் கவர் வழியா வண்டிக்கு கீழ படுத்துக்கிட்டுதான். சாதா 302, சாதா டயர், மனுஷன் மாதிரி ஓட்டுறதுன்னா 8 இன்ச் தாங்கும், நேரா போல்ட் போட்டு மாட்டிரலாம். அது கெடச்சு, உனக்கு டிரம் போதும்னா அதயே போடு, உன் சனி ஞாயிறு கணக்குக்கு அதுதான் சரிப்படும். 9 இன்ச்ச பத்தி பேசவே வேண்டாம், அது எல்லாரோட கனவு, அதனாலயே ஒருத்தன் கையிலயும் சும்மா கெடைக்காது. அதுல பினியன் ரொம்ப கீழ உக்காந்திருக்கும், பல்லு வழுக்கிக்கிட்டே ஓடும், பலம் ஜாஸ்தி ஆனா உராய்வுல 8.8ஐ விட கொஞ்சம் பவர் திங்கும்.

8.8 எதுக்குன்னா டிஸ்க்கும் லிமிட்டட் ஸ்லிப்பும் 31 ஸ்ப்ளைனும் ஒரே மூட்டையில வருது. அந்த மூணும் வேணும்னா இது, இல்லன்னா 8 இன்ச். இத நீதான் முடிவு பண்ணனும்.

ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவுல இப்ப எவ்வளவு இடைவெளி இருக்குன்னு விரல விட்டு பாக்காத, ஸ்கேல் வச்சு அள. இப்ப 20 மிமீக்கு மேல இருந்தா 10 போனாலும் பரவாயில்ல. கம்மின்னா டிஸ்க்குக்கும் ரிம்முக்கும் நடுவுல நல்ல தரமான மெல்லிசு ஸ்பேசர், ஆனா நட்டு எத்தன சுத்து ஏறுதுன்னு எண்ணிப்பாரு, போல்ட் தடிமன் அளவுக்காவது மரை உள்ள புடிக்கணும்.

பெர்ச் எடம் குறிக்கும்போது ஒரு தப்பு நெறைய பேர் பண்றான். டிஃப் பானைலருந்து, அதாவது நடு ஹவுசிங்லருந்து, அளந்து குறிப்பான். அப்படி பண்ணாத, ரெண்டு முனை ஃபிளாஞ்ச்லருந்து அளந்து நடு எதுன்னு கண்டுபுடிச்சு அங்கிருந்து ரெண்டு பக்கமும் சமமா குறி. வெட்டாத ஆக்ஸில்ல பானைய நம்புனா மொத்த பின் பக்கமும் ஒரு பக்கமா நகந்து நண்டு மாதிரி ஓடும். அப்பறம் பழைய யூ போல்ட் ஏறாது, டியூப் தடிமன் வேற, புதுசு வாங்கு. எக்ஸ்ப்ளோரர் ஷாக் பிராக்கெட், ஸ்டெபிலைசர் பார் பிராக்கெட் எல்லாத்தையும் கிரைண்டர் போட்டு வழிச்சுரு, உன் வண்டில ஷாக் கீழ ஸ்பிரிங் பிளேட்டுலதான் மாட்டும்.

---

டிரம்முக்குடிஸ்க் எழுதியது:

பிரேக் பத்தி இன்னும் ஒருத்தரும் வாய தொறக்கலயே, எல்லாரும் ஓட வைக்கிறதுலயே இருக்கீங்க, நிக்கிறத யாரு பாக்குறது?

66 மஸ்டாங்குல கம்பெனி மாஸ்டர் சிலிண்டர் ஒத்த கிண்ணம். ஒரே ஒரு லைன் வெடிச்சா நாலு வீலும் காலி. 67லதான் ரெண்டு கிண்ணம் வந்துச்சு. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் முன் டிஸ்க் போடும்போது மாஸ்டர் சிலிண்டர மாத்துனாரா இல்லயான்னு மொதல்ல போய் பானட்ட தொறந்து பாருங்க. மாத்தலன்னா ஆக்ஸில் வேலைய தள்ளி வச்சுட்டு இத பண்ணுங்க.

ரெண்டு கிண்ணம்னாலும் அது முன் டிஸ்க் பின் டிரம்முக்கான மாடலா இருக்கும். டிரம் லைன்ல 10 பிஎஸ்ஐ போல அழுத்தம் எப்பவும் நிக்கிற மாதிரி உள்ள ஒரு ரெசிடுவல் வால்வ் இருக்கும், டிரம்ல வீல் சிலிண்டர் கப் காத்து இழுக்காம இருக்க அது வேணும். அதே லைன்ல டிஸ்க் காலிப்பர மாட்டுனா பேட் விடவே விடாது, பத்து கிலோமீட்டர்ல டிஸ்க் வறுபட்டுரும். அந்த வால்வ எடுத்துருங்க இல்ல நாலு டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர் போடுங்க. அது கூட பின் லைன்ல அட்ஜஸ்ட் பண்ற ப்ரொபோர்ஷனிங் வால்வ் (பின் பிரேக் அழுத்தத்த குறைக்கிறது) ஒன்னு கட்டாயம். எக்ஸ்ப்ளோரர் எட எங்க, உங்க கூப்பே பின் பக்க எட எங்க, பெடல அழுத்துனதும் பின் வீல் மொதல்ல பூட்டிக்கும், வண்டி பின் பக்கம் முன்ன வந்து ஹலோ சொல்லும். ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல, தரை காஞ்சிருக்கும்போது, குறைஞ்ச வேகத்துல ஆரம்பிச்சு, முன் வீல் மொதல்ல பூட்டுற வரைக்கும் வால்வ திருகிக்கிட்டே வாங்க.

ஹேண்ட் பிரேக், டிஸ்க்குக்கு நடு குடம் உள்ள சின்னதா ஒரு டிரம் ஷூ, நல்ல டிசைன்தான், ஆனா யார்டு வண்டில பேக்கிங் பிளேட் துருப்புடிச்சு பப்படமா இருக்கும். கழட்டுறதுக்கு முன்னாடியே டிஸ்க்க உருவி பாத்துருங்க, அதான் ரொம்ப முக்கியம், ஆக்ஸில் நல்லா இருந்து பிளேட் போயிருந்தா அதுக்கு தனி தலவலி. கேபிள் எக்ஸ்ப்ளோரரோடதயே வச்சுக்கிட்டு முன் முனைய மட்டும் மஸ்டாங் ஈக்வலைசருக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

டிஃப் மேல ஏபிஎஸ் சென்சார் ஒன்னு சொருகியிருக்கும், உங்க ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸ்லருந்து ஓடுறதால அது வேண்டாம், ஆனா வெறும் ஓட்டையா விட்டுறாதீங்க, சென்சாரயே ஒயர வெட்டிட்டு அப்படியே மூடியா விட்டாலும் போதும். டியூப்ல மூச்சு விடுற குழாய் ஒன்னு இருக்கும், வெட்டி ஒட்டும்போது அத அடைச்சிட்டா சூடாகும்போது காத்து போக வழியில்லாம சீல் வழியா ஆயில் கக்கும், அதுவும் நேரா பிரேக் ஷூ மேல.

---

பழையஇரும்பு எழுதியது:

பினியன் ஆங்கிள்ல நான் பட்டத சொல்லிடுறேன், அப்பதான் ஒருத்தராவது பொழைப்பாங்க. மொத தடவ நான் வண்டிய ஸ்டாண்டுல ஏத்தி, பின் பக்கம் தொங்கிட்டு இருக்கும்போதே ஆங்கிள் பாத்து பெர்ச்ச முழு வெல்டு அடிச்சிட்டேன். கீழ எறக்குனதும் ஸ்பிரிங் எடையில உக்காந்துச்சு, ஆங்கிள் நாலு டிகிரி மாறிப்போச்சு. 60 கிலோமீட்டர்லருந்து 70 வரைக்கும் சீட்டுக்கு கீழ ஒருத்தன் மிக்ஸி ஓட்டுற மாதிரி இருந்துச்சு. மொதல்ல ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பேலன்ஸ் தப்புன்னு சொல்லி பட்டறைகாரர்கிட்ட சண்ட போட்டேன், அவர் மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான். திருப்பி பெர்ச்ச வெட்டி மறுபடி வச்சேன்.

சரியான வழி என்னன்னா பெர்ச்ச ஸ்பிரிங் மேல வச்சு, ஆக்ஸில் டியூப் அது மேல லூஸா உக்காரட்டும், யூ போல்ட்ட லேசா புடிச்சு, வீல மாட்டி வண்டிய தரையில முழு எடையோட எறக்குங்க. முடிஞ்சா டிரைவர் எடைக்கு ஒரு மூட்டையும் வைங்க. கியர்பாக்ஸ் அவுட்புட் எவ்வளவு கீழ பாக்குதுன்னு ஆங்கிள் மீட்டர்ல எடுங்க, உதாரணத்துக்கு 3 டிகிரி கீழன்னு வச்சுக்கோங்க. இணையா இருக்கணும்னா பினியன் 3 டிகிரி மேல பாக்கணும், ஆனா லீஃப் ஸ்பிரிங் வண்டில ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு பினியன் மூக்க தூக்கும், அதனால ஒன்னு ரெண்டு டிகிரி கம்மியா வச்சு, 1லருந்து 2 டிகிரி மேல பாக்குற மாதிரி வைக்கணும். அந்த நிலையில ரெண்டு டேக், கழட்டி எடுத்து முழு வெல்டு.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நீளமும் இப்படி தரையில நிக்கும்போதுதான் அளக்கணும். கியர்பாக்ஸ் உள்ள ஸ்லிப் யோக் (முன்ன பின்ன நகர்ற ஷாஃப்ட் முன் முனை) முழுசா போய் முட்டுனதுலருந்து ஒரு இன்ச் வெளிய இழுத்து வச்சு அளவெடுங்க, முக்கால் இன்ச்சுக்கு கம்மியா விடாதீங்க, இல்லன்னா பள்ளத்துல ஆக்ஸில் மேல வரும்போது யோக் போய் கியர்பாக்ஸ் பின் பக்கத்த இடிக்கும். மஸ்டாங் ஷாஃப்ட் கிராஸ் சைஸும் எக்ஸ்ப்ளோரர் ஃபிளாஞ்ச் கிராஸ் சைஸும் ஒன்னா இருக்கணும்னு இல்ல, ரெண்டு பக்கம் ரெண்டு அளவு கப் வர்ற கன்வர்ஷன் கிராஸ் கிடைக்கும், நான் அதான் போட்டேன்.

---

சும்மாவந்தவன் எழுதியது:

3.73 போட்டா ஹைவேல எஞ்சின் கத்தாதா? என் பழைய வண்டில அதான் கத.

---

கிரீஸ்கை எழுதியது:

உன் வண்டில அஞ்சாவது கியர் இருந்திருக்காது. இவரோடது டி5, வி8 மஸ்டாங்ல வந்த டி5ல அஞ்சாவது 0.68. டயர் உயரம் 25 இன்ச்னு வச்சா 100 கிலோமீட்டர் வேகத்துல 2100 ஆர்பிஎம் கிட்ட, அமைதியா போகும். அதே நாலாவதுல 3100. அஞ்சு கியர் இல்லாத வண்டிக்குதான் 3.73 ஆகாது. மொத கியர் 3.35, அது கூட 3.73 சேந்தா மொதல்ல ரொம்ப சீக்கிரம் கியர் மாத்த வேண்டியிருக்கும், 3.55 இருந்தா இன்னும் சுகம். ஆனா கையில கெடச்ச லிமிட்டட் ஸ்லிப்ப விட்டுட்டு ரேஷியோ தேடி அலைய சொல்ல மாட்டேன்.

---

ஆறுசிலிண்டர்காரன் எழுதியது:

அப்டேட். மூணு வாரம் ஆச்சு, எந்த சனி ஞாயிறுன்னு கேட்ட நண்பருக்கு என் வணக்கம் 🙏

மாஸ்டர் சிலிண்டர் பாத்தேன், நல்ல வேள ரெண்டு கிண்ணம்தான், ஆனா டிரம்முக்கான வால்வ் பின் லைன்ல இருந்துச்சு, எடுத்துட்டேன். யார்டுல அந்த 98ல பேக்கிங் பிளேட் ஒரு பக்கம் கையோட உதுந்து வந்துருச்சு, அதனால பக்கத்துல நின்ன இன்னொரு வண்டிலருந்து பிளேட்டும், கூடவே அதோட பாசஞ்சர் பக்க ஷாஃப்ட்டும் எடுத்தேன், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. வீல சுத்தி பாத்தேன், ரெண்டும் ஒரே பக்கம் சுத்துச்சு. டியூப் வெட்டுறத பார் வச்சிருக்கிற பட்டறையில குடுத்துட்டேன், என் கை அதுக்கு ஆகாது. ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் இடைவெளி அளந்தேன், 24 மிமீ, 10 போனாலும் 14 இருக்கும், ஸ்பேசர் இல்லாம பாத்துக்கலாம்னு இருக்கேன். பெர்ச் டேக் மட்டும் வச்சிருக்கேன், தரையில எறக்கி கியர்பாக்ஸ் 2.5 கீழ காட்டுச்சு, பினியன் 1 மேல வச்சேன், ஓகேவா?

இன்னொரு சந்தேகம், ஆக்ஸில் ஷாஃப்ட் மாட்டும்போது சி கிளிப் (ஷாஃப்ட்ட வெளிய வராம புடிக்கிற சி வடிவ வளையம்) போட்டு நடு பின்ன சொருகி ஒரு போல்ட் போடணும்ல, அந்த போல்ட் கழட்டும்போதே தல கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருக்கு. அதயே போடலாமா?

---

வெல்டிங்பொறி எழுதியது:

2.5க்கு 1 சரியா இருக்கு, முழு வெல்டு அடிங்க, ஆனா ஒரே நாள்ல முடிக்கணும்னு அவசரப்படாதீங்க.

---

கிரீஸ்கை எழுதியது:

அந்த போல்ட்ட போடாத. 8.8ல உள்ளயே உடஞ்சு நிக்கிறதுல பேர் போன போல்ட் அது, உடஞ்சா பின் நகரும், பின் நகந்தா சி கிளிப் விழும், சி கிளிப் விழுந்தா ஷாஃப்ட்டோட சேத்து வீல் வெளிய வரும். டிஸ்க் இருக்கிறதால காலிப்பர் கொஞ்ச நேரம் புடிச்சு வைக்கும், அவ்வளவுதான். புது போல்ட், மரைல லாக் கம், சொன்ன டார்க்குல இறுக்கு, வேகத்துக்கு இறுக்குனா அதுவே உடையும். கவர மூடுறதுக்கு முன்னாடி உள்ள இரும்பு தூசி இல்லாம தொடச்சுரு, வெட்டுன பட்டறைலருந்து வர்ற தூள் டியூப் உள்ள நிக்கும், துணிய கம்பில சுத்தி ரெண்டு பக்கமும் இழு. ஆயில் ஊத்தும்போது லிமிட்டட் ஸ்லிப்புக்கான ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் சேத்து ஊத்து, இல்லன்னா திருப்பத்துல பின்னாடி கடகடன்னு ஆடும், ஆக்ஸில் போச்சுன்னு நெனச்சு நைட்டு பன்னெண்டு மணிக்கு இங்க வந்து எழுதுவ.